இரண்டாவது கண்ணாடி

கட்டடக் குளிர்மைச் சிக்கன வாரியத்தின் தலைமை அலுவலகத்தில், ஐந்தாம் மாடியில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பம் முப்பத்து நான்கு டிகிரியாக இருந்தது. அதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. தினமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வேலைக்கு வந்து எட்டு நாளே ஆகி, அன்றுதான் பதிவேட்டைக் கையில் வாங்கியிருந்த வெப்ப அளவர், அதை முப்பத்து நான்கு என்றே எழுதிவிட்டான். தொந்தரவு அங்கேதான் தொடங்கியது.

அவன் படித்தது பன்னிரண்டாம் வகுப்போடு சரி. இருந்தும் எந்நேரமும் கையில் வெப்பமானியோடு திரிந்ததால் அலுவலகம் அவனுக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்துவிட்டது. "எப்படியோ ஒரு டிகிரி வாங்கிட்டீங்க" என்று மனைவிகூடக் கிண்டல் செய்தாள். அவனுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர், காலையில் வந்ததும் ஏழு மாடிக்கும் 'இருபத்தாறு' என்று எழுதி முடித்துவிட்டுத்தான் வெப்பமானியை மேசையிலிருந்து எடுப்பார். சில நாள் எடுக்கவும் மாட்டார். ஓய்வு பெற்றபோது அவருக்குத் துல்லியத்துக்கான கேடயம் கொடுத்து அனுப்பினார்கள்.

டிகிரிக்கு அந்த சூட்சுமம் தெரியாது. கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் என்று நாளுக்கு நான்கு தடவை படியேறினான். லிஃப்ட் ஓடினால் அதன் மோட்டார் சூடாகும் என்பதால் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கட்டடம் ஏழு மாடி, முழுக்கக் கண்ணாடி. அதன் வரைபடம் வருடத்தில் ஐந்து மாதம் பனி பெய்யும் ஒரு நாட்டிலிருந்து வந்தது. அங்கே வெயில் விருந்தாளி மாதிரி; வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, போகவிடாமல் கதவைச் சாத்துவார்கள். இங்கே அந்த விருந்தாளி வாசலிலேயே குடியிருக்கிறவர். அதுவும் ஈரக்காற்று வீசுகிற ஊர். அலுவலகத்துக் கடித உறைகள் யாரும் எச்சில் தொடாமலே தாமாக ஒட்டிக்கொள்ளும். கோப்புகளின் முதுகில் பச்சை பூக்கும். திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. திறந்தால் சிக்கனம் வெளியே போய்விடும் என்று கட்டும்போதே சொல்லிவிட்டார்கள். மின்விசிறிகளைக் கழற்றி மூன்று வருடம் ஆகிறது. 'மின்விசிறி குளிர்விப்பதில்லை, காற்றைக் கிளறுகிறது' என்று அதற்கு ஒரு சுற்றறிக்கை உண்டு. குளிர்சாதனம் காலையில் ஒரு மணி நேரமும் மதியம் அரை மணி நேரமும் ஓடும். மீதி நேரமெல்லாம் சிக்கனம்.

ஐந்தாம் மாடியில்தான் டிகிரியின் தங்கையும் வேலை பார்த்தாள். சுருக்கெழுத்தர். வாரியம் கூடிப் பேசுவதையெல்லாம் குறிப்பெடுத்து, பேசியவர்கள் புத்திசாலிகளாகத் தெரியும்படி தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. மூன்று மாதக் கர்ப்பம். அவள் கணவன் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன், திரும்பி வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதனால் அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்திருந்தது.

"இருபத்தாறுன்னு எழுதித் தொலையேண்ணே" என்று அவள்தான் முதலில் சொன்னாள். "எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க."

"உன் மூஞ்சியப் பாரு. சட்டையப் புழிஞ்சா ஒரு செம்பு தண்ணி வரும். இதப் பாத்துக்கிட்டே எப்படிம்மா இருபத்தாறுன்னு எழுதுறது?"

மறுநாள் காலை பத்தேகாலுக்குத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

தலைவரின் அறை ஏழாம் மாடியில் இருந்தது. அந்த அறையில் மட்டும் குளிர்சாதனம் நாள் முழுக்கப் பதினெட்டில் ஓடும். அதற்கு 'ஒப்பீட்டு அறை' என்று பெயர். மற்ற அறைகள் எவ்வளவு சிக்கனமாக இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிக்கனமில்லாத அறை தேவையாம். அந்தத் தியாகத்தைத் தலைவர் தாமே ஏற்றுக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்டு, கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். பக்கத்தில் வாரியத்தின் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார்.

ஏழு மாடி ஏறி வந்த டிகிரியின் வேர்வை அந்த அறைக்குள் நுழைந்ததும் ஐஸாக மாறியது. பல் தந்தியடித்தது.

"இந்த முப்பத்து நாலு யாரு?" என்றார் தலைவர்.

"நா... நான்தான் சார்."

தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். "கவனிச்சீங்களா? குளிர்ல நடுங்குறான். இந்தக் கட்டடத்துல நின்னு வெடவெடன்னு நடுங்குறவன், முப்பத்து நாலுன்னு எழுதியிருக்கான்."

ஆலோசகர் 'நடுக்கம்' என்று குறித்துக்கொண்டார்.

"தம்பி, நமக்கு ஏழு நட்சத்திரம் வரப்போகுது. தெரியுமா? உலகத்துலயே ஈர வெப்பப் பிரதேசத்துல ஏழு நட்சத்திரம் வாங்குற முதல் கட்டடம் நம்மோடது. தொண்ணூறு நாள் ஒரு அறைகூட இருபத்தாறத் தாண்டக் கூடாது, கரண்டும் அளவைத் தாண்டக் கூடாது. எண்பத்தொரு நாள் ஒழுங்கா போச்சு. எண்பத்திரண்டாம் நாள் பதிவேடு உன் கைக்கு வந்து சேர்ந்துச்சு."

"சார், அஞ்சாவது மாடி நெஜமாவே சூடா இருக்கு. என் தங்கச்சி அங்கதான்..."

"சூடுங்கறது என்ன?" என்று தலைவர் குறுக்கிட்டார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. "சூடுங்கறது ஒரு கருத்து. நான் இந்த நாற்காலியில ஆறு வருஷமா உட்கார்ந்திருக்கேன். ஒரு நாள்கூட எனக்கு அந்தக் கருத்து வந்ததில்ல."

எண்ணிக்கையை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. அதற்கு முன் குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். முதல் சந்தேகம் வெப்பமானிமேல். அதை முத்திரையிட்ட பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 'கருவி சரி' என்று சான்றிதழோடு திரும்பி வந்தது. அடுத்த சந்தேகம் டிகிரியின் கண்மேல். கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். கண்ணும் சரி. மூன்றாவதாகக் கண்ணாடிச் சுவர்மேல் சந்தேகம் வர இருந்தது. அந்தச் சுவரைத் திறந்துவைத்த கல்வெட்டில் தலைவரின் பெயர் இருந்ததால் வரவில்லை.

பதினைந்தாம் நாள் ஆலோசகர் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். எல்லோரையும் கூட்டித் திரையில் ஒரு மனித உருவத்தைக் காட்டினார். உருவம் முழுக்கச் சிவப்பு.

"சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் நூறு வாட் பல்பு அளவுக்கு வெப்பம் விடுறான். இந்தக் கட்டடத்துல நானூத்திப் பன்னெண்டு பேர் இருக்கீங்க. அதாவது நானூத்திப் பன்னெண்டு பல்பு, காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் அணைக்காம எரியுது. கட்டடத்துல ஒரு குறையும் இல்ல. நீங்க உள்ள இருக்கீங்க பாருங்க, அதுதான் குறை."

சபையில் ஒரு முகத்திலும் ஈயாடவில்லை. தங்கை அதைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டாள். டிகிரிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஆள் சொன்ன கணக்கு சரிதான், ஆனால் எங்கேயோ தலைகீழாக நிற்கிறது என்று பட்டது. அது எங்கே என்று கேட்டு வாயைத் திறப்பதற்குள் 'மனித வெப்பச் சுமைப் பிரிவு' தொடங்கப்பட்டுவிட்டது. அதில் பன்னிரண்டு பேரைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள்.

அடுத்த வாரம் ஆளுக்கொரு படிவம் வந்தது. எடை, உயரம், நாளொன்றுக்கு எத்தனை முறை எழுந்து நிற்கிறீர்கள், எத்தனை முறை சிரிக்கிறீர்கள், அதில் வாய்விட்டு எத்தனை, கோபம் வருமா, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும். டீயைத் தடை செய்தார்கள், அது வெளியிலிருந்து உள்ளே வரும் வெப்பம். படியில் அவசரமாக ஏறினால் மெமோ. கணக்குப் பிரிவில் ஒருவர் அட்டையால் விசிறிக்கொண்டார் என்று புகார் வந்தது. விசிறும்போது கை அசைகிறது, கை அசைந்தால் தசை வேலை செய்கிறது, தசை வேலை செய்தால் வெப்பம் வருகிறது என்று அவருக்கு எழுத்துமூலம் விளக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் விசிறவில்லை. அசையவே இல்லை. மேசையில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் விருது அவருக்குத்தான்.

தங்கையின் படிவத்தில் சிக்கல் வந்தது. பிரிவு அதிகாரி டிகிரியையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

"உங்க தங்கச்சிய ஒரு ஆள்னு போடுறதா, ரெண்டுன்னு போடுறதா?"

"ஒரு ஆள்தான் சார். இன்னொண்ணு இன்னும் பொறக்கலையே."

"பொறக்கலைன்னாலும் வெப்பம் விடுதே." அதிகாரி தலையைச் சொறிந்தார். "ரெண்டுன்னு போட்டா ரெண்டாவது ஆளுக்கு ஊழியர் எண் கேட்கும். எண் கொடுத்தா சம்பளம் கேட்கும். ஒண்ணேகால்னு போட்டுக்கறேன். யாரும் கேட்டா நான் சமாளிச்சுக்கறேன்." பெரிய உதவி செய்துவிட்டவர் போலச் சிரிக்கப் போனார், படிவம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கால் ஆளால் ஐந்தாம் மாடி அளவைத் தாண்டியது. தங்கையின் மேசையைத் தூக்கி மேற்குப் பக்க மூலையில் போட்டார்கள். அங்கே வேறு ஆள் யாரும் இல்லாததால் சுமை பரவலாகுமாம். மேற்குப் பக்கம் ஆள் இல்லாததற்குக் காரணம் உண்டு. இரண்டு மணிக்கு மேல் அந்தக் கண்ணாடியில் கை வைத்தால் சுடும்.

மூன்றாம் நாள் அவள் கால் வீங்கிவிட்டது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பதாகச் சொன்னாள். டிகிரி பிரிவுக்கும் மூலைக்குமாக அலைந்தான். மனு எழுதினான். மனுவை வாங்கியவர், "உட்கார்ந்து எழுதினீங்களா, நின்னுக்கிட்டா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"மெடிக்கல் லீவு போட்டுட்டு வீட்டுல கெடம்மா" என்றான் தங்கையிடம்.

"இப்பவே போட்டா பொறந்தப்புறம் லீவு இருக்காதுண்ணே. புள்ளைய யாரு பாத்துக்குவா? உன் வெப்பமானியா?"

அவன் வெப்பமானியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அப்படியும் ஐந்தாம் மாடி இருபத்தாறுக்கு இறங்கவில்லை. ஆலோசகர் அடுத்த படிக்குப் போனார். சுமை அதிகமுள்ளவர்களை முதலில் வெளியே அனுப்பினார்கள். பிறகு சிரிப்பவர்களை. பிறகு கோபக்காரர்களை. ஒரு மாதத்தில் நானூற்றுச் சொச்சம் பேரும் கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே கார் நிறுத்துகிற தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மட்டும் ஒப்பீட்டுக்காக மேலேயே இருந்தார்.

இங்கேதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கீழே சுகமாக இருந்தது. மேலே ஏழு மாடி நிழல், நான்கு பக்கமும் திறந்த வெளி. ஒரு பக்கம் நுழைந்த காற்று தூண்களுக்கிடையே புகுந்து மறுபக்கம் ஓடியது. கணக்குப் பிரிவுக்காரர் முதலில் ஒரு விரலை அசைத்துப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றதும் இரண்டு கையையும் தூக்கிச் சோம்பல் முறித்தார். தங்கையின் கால் வீக்கம் வடிந்தது. வருடக்கணக்கில் தேங்கிக் கிடந்த கோப்புகள் நகர ஆரம்பித்தன. உறைகளில் எச்சில் தொட்டு ஒட்டவேண்டியிருந்தது.

டிகிரி வெப்பமானியை எடுத்துப் பார்த்தான். முப்பத்தொன்று. இருபத்தாறு இல்லைதான், ஆனால் காற்று உடம்பில் பட்டு வேர்வை காய்ந்தது, அதனால் முப்பத்தொன்று முப்பத்தொன்றாகத் தெரியவில்லை. அதே நேரம் ஆளே இல்லாத ஐந்தாம் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். முப்பத்தாறு. பல்புகள் எல்லாம் வெளியே வந்த பிறகும் வீடு எரிந்துகொண்டிருக்கிறது! தலைகீழாக நின்ற கணக்கு அவனுக்கு அப்போது நேரானது. ஒரே மூச்சில் ஒரு பக்கத்துக்கு எழுதினான்: வெயில் கண்ணாடியில் படாமல் வெளியே மறைப்புக் கட்டலாம், எதிரெதிராக ஜன்னல் வைக்கலாம், மின்விசிறியைத் திரும்ப மாட்டலாம், அதற்கப்புறமும் தேவைப்படும் இடத்தில் மட்டும் குளிர்சாதனம் ஓட்டலாம்.

பதில் நாலு நாளில் வந்தது. 'காற்று ஒரு தொழில்நுட்பம் அன்று. நிழலுக்குத் தரச்சான்று இல்லை. கார் நிறுத்துமிடம் கட்டடம் என்ற வரையறைக்குள் வராததால் அங்கு அளக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை. இனி அளந்தால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

ஆள் இல்லாத கட்டடமே முப்பத்தாறு காட்டுவதை ஆலோசகரிடம் நேரிலேயே சொன்னான். அவர் அசரவில்லை. "அப்போ நேரம்தான் தப்பு" என்றார். அன்று முதல் அளக்கும் நேரம் விடியற்காலை ஐந்தரை மணி என்று மாற்றப்பட்டது. அந்த நேரத்தில் இருபத்தாறரை காட்டும். அரையைத் தள்ளிவிடலாம் என்று விதியில் இடம் இருந்தது. டிகிரி தினமும் நாலரைக்கு எழுந்து, இருட்டில் படியேறி, இருபத்தாறு என்று எழுதினான். பொய் இல்லை. பொய் எழுதுவதைவிட இதுதான் அவனை அதிகம் அரித்தது.

தொண்ணூறு நாள் முடிந்தது. ஏழு நட்சத்திரம் உறுதியானது.

விழா ஐந்தாம் மாடி அரங்கில், மதியம் மூன்று மணிக்கு. நட்சத்திரம் கொடுக்க மூன்று பேர் கொண்ட வெளிநாட்டுக் குழு வந்தது. காலிக் கட்டடத்தைக் காட்ட முடியாதே. ஊழியர்கள் முந்நூறு பேரும் விருந்தினர் ஐம்பது பேரும் கீழிருந்து மேலே ஏற்றப்பட்டார்கள். கட்டடம் எவ்வளவு காற்றிறுக்கமானது என்று காட்ட, விழா முடியும்வரை கதவுகள் மின்பூட்டில் இருக்கும் என்றும் ஏற்பாடு. சாவி தலைவரின் உதவியாளரிடம், அவர் ஏழாம் மாடியில்.

"நீ மேல வராத" என்று தங்கையைத் தடுத்தான் டிகிரி. அவளுக்கு ஒன்பதாவது மாதம் பிறந்திருந்தது. லீவு அடுத்த திங்கள் தொடங்க வேண்டும்.

"தலைவர் பேச்ச யாருண்ணே குறிப்பெடுப்பா? ஒரு மணி நேரந்தானே. முடிச்சுட்டு ஒரேயடியா போயிடறேன்."

டிகிரிக்கு அன்று மேடையிலேயே வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். மேடையோரம் குளிர்சாதன மெக்கானிக் மின்மீட்டரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஓடும்?" என்று அவர் காதில் கேட்டான்.

"இந்த மாசக் கோட்டால பதினோரு யூனிட்தான் பாக்கி. மேல பதினெட்டுல ஓடுதே ஒண்ணு, அது மீதியத் தின்னுடுச்சு. இருபது நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல ஓட்டினா நட்சத்திரம் போயிடும்னு தானா அணையற மாதிரி பண்ணி வெச்சிருக்காங்க."

இருபது நிமிடம் வரவேற்புரைக்கே போதவில்லை. தலைவர் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தபோது குளிர்சாதனம் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"பெருமக்களே! இந்த அரங்கில் முந்நூற்றைம்பது பேர் அமர்ந்திருக்கிறோம். யாருக்காவது வியர்க்கிறதா?"

எல்லோருக்கும் வியர்த்தது. யாரும் சொல்லவில்லை. தலைவரின் மப்ளர் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது.

"இருபத்தொம்பது" என்று அறிவித்தான் டிகிரி.

"இருபத்தாறு" என்று திருத்தினார் தலைவர், பேச்சை நிறுத்தாமலே. "நாங்கள் வெப்பத்தோடு போராடவில்லை. அதை நாங்கள் கண்டுகொள்வதில்லை. அதுதான் எங்கள் தொழில்நுட்பம்."

"முப்பத்து மூணு."

"இருபத்தாறு. ஏழைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வசதி என்பது பழக்கம். அதை விட்டுவிட்டால் செலவே இல்லை. நான் விட்டுவிட்டேன்."

மேற்கு வெயில் கண்ணாடி வழியே அரங்கின் பாதிவரை வந்துவிட்டது. வெளிநாட்டுக் குழுவில் ஒருவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்; இன்னொருவர் அழைப்பிதழால் விசிற, மனித வெப்பப் பிரிவு அதிகாரி பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்தார். பேச்சு நாற்பதாவது நிமிடத்தைத் தாண்டியது. காற்று நனைந்த போர்வை மாதிரி முகத்தில் கிடந்தது.

"முப்பத்தெட்டு சார்" என்றான் டிகிரி. "சார், போதும். கதவத் திறக்கச் சொல்லுங்க."

"இருபத்..." என்று தலைவர் ஆரம்பிக்கும்போது மேடைக்குக் கீழே பென்சில் உருண்டு விழும் சத்தம் கேட்டது. தங்கை நாற்காலியிலிருந்து ஒருபக்கமாகச் சரிந்துகொண்டிருந்தாள்.

டிகிரி மேடையிலிருந்து குதித்தான். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, உதடு வறண்டிருந்தது. "அண்ணே, மூச்சு வாங்குது" என்றாள். கதவுக்கு ஓடினான், திறக்கவில்லை. இடித்தான், கத்தினான். "விழா முடியட்டும் தம்பி, இன்னும் ரெண்டு பக்கந்தான்" என்றார் ஆலோசகர். தலைவர் உண்மையிலேயே மிச்சப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சுவரில் சிவப்பாக ஒரு தீயணைப்பு சிலிண்டர் தொங்கியது. டிகிரி அதைக் கழற்றினான். கிழக்குக் கண்ணாடிப் பக்கம் போய்க் கீழே ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். பூச்செடிதான். ஓங்கி அடித்தான். முதல் அடியில் கீறல், இரண்டாவதில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. அரங்கமே 'ஐயோ' என்றது. ஆனால் காற்று வரவில்லை. ஓட்டையின் வாசலில் வந்து தயங்கி நின்றது போல் இருந்தது.

டிகிரி ஒரு கணம் நின்றான். பிறகு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, முந்நூற்றைம்பது பேருக்கும் நடுவே நடந்து, எதிர்ப்பக்கம் போனான். மேற்குக் கண்ணாடி. கீழே பார்த்தான். ஆள் யாரும் இல்லை. தலைவரின் கார்தான் நின்றது. அடித்தான்.

அரங்கத்தின் குறுக்கே காற்று ஓடியது. தலைவரின் பேச்சுத் தாள்கள் எழுந்து பறந்தன. ஈரச் சட்டைகள் படபடத்தன. யாரோ 'அப்பாடா' என்றார். அதை முந்நூறு பேர் சேர்ந்து சொன்னது போலக் கேட்டது. மெக்கானிக்கும் கணக்குப் பிரிவுக்காரரும் தங்கையை நாற்காலியோடு தூக்கிக் காற்றோட்டத்தில் வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் அவள் கண் திறந்தாள்.

அன்று இரவே அவளுக்கு வலி கண்டது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று கேட்டபோது டிகிரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அறுநூறாவது நடையில் இருந்தான். மறுநாள் காலை அதே வராந்தாவில் அவன் கையில் இடைநீக்க உத்தரவு கொடுக்கப்பட்டது.

விசாரணை மூன்று மாதம் நடந்தது. விசாரணை அதிகாரி நல்ல மனிதர். முதல் கண்ணாடியைப் பற்றி அவருக்கு மனக்கசப்பே இல்லை.

"தங்கச்சி மயங்கிட்டாங்க. பதட்டத்துல ஒண்ண ஒடச்சிட்டீங்க. மனுஷன்தானே, புரியுது. பதட்டம்னு எழுதி முடிச்சுடலாம். ஆனா அந்த ரெண்டாவது கண்ணாடி? இவ்வளவு தூரம் நடந்துபோய், கீழ எட்டிப் பாத்து, நிதானமா ஒடச்சிருக்கீங்க. அது ஏன்?"

"உள்ள வர்ற காத்து வெளிய போக வழி வேணுமே சார். ஒரு பக்கம் மட்டும் ஒடச்சா வராது."

"அதாவது யோசிச்சுப் பண்ணியிருக்கீங்க."

"ஆமா சார்."

அதிகாரி வருத்தத்தோடு பேனாவை எடுத்தார். "யோசிச்சதுதாங்க இங்க பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். முதல் கண்ணாடி மன்னிக்கப்பட்டது. இரண்டாவதற்கு ஆறு மாத இடைநீக்கமும் பதவியில் ஒரு படி இறக்கமும்.

இதற்கிடையில் வெளிநாட்டுக் குழு போய் அறிக்கை அனுப்பியிருந்தது. தாங்கள் பார்த்த கட்டடங்களிலேயே, மின்சாரம் இல்லாமல் அவ்வளவு வேகமாகக் குளிர்ந்த அரங்கு வேறு இல்லை என்றும், அந்தச் செயல்விளக்கம் நாடகத்தனமாக இருந்தாலும் தங்களை நெகிழவைத்தது என்றும், ஏழோடு இன்னொரு நட்சத்திரம் சேர்ப்பதாகவும் அதில் இருந்தது. ஆலோசகர் உடனே 'எதிரெதிர் இரட்டைத் திறப்புத் தொழில்நுட்பம்' என்று ஒரு நூல் எழுதினார். முன்னுரை தலைவர்.

ஆறு மாதம் கழித்து டிகிரி வேலைக்குத் திரும்பினான். புதிய பதவி: திறப்புக் காவலர். ஐந்தாம் மாடியில் உடைந்த இரண்டு இடத்திலும் அழகாகச் சட்டம் போட்டு ஜன்னல் வைத்திருந்தார்கள். திறந்தால் தூசி வருகிறது என்பதால் இரண்டும் பூட்டப்பட்டிருந்தன. யாரும் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. இரண்டு சாவியும் அவன் இடுப்பில்.

முதல் நாளே விழா. திறப்புக்குத் திறப்பு விழா. மறுபடி முந்நூறு பேர், மறுபடி மதியம் மூன்று மணி. தங்கையும் லீவு முடிந்து நோட்டோடு தலைவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். தலைவர் நாடாவை வெட்டினார். கைதட்டல். ஜன்னலைத் திறக்க விரும்புவோர் மூன்று நாள் முன்னதாகப் பதினான்காம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம் என்று ஆலோசகர் அறிவித்தார். அதற்கும் கைதட்டல். ஜன்னல் பூட்டியபடி இருந்தது. தலைவரின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு புறப்பட்டு, மூக்கின் நுனியில் தொங்கி, பேச்சுத் தாளில் விழுந்து, ஒரு வரியை அழித்தது.

டிகிரி கிழக்கு ஜன்னலடியில் நின்று கால் மாற்றினான். இன்னொரு ஆறு மாதத்தை நினைத்துப் பார்த்தான். மனைவியின் முகத்தையும் நினைத்துப் பார்த்தான். தங்கை நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், இடது கையால் புடவைத் தலைப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள்.

பூட்டைத் திறந்தான். கதவைத் தள்ளினான். பிறகு, யாரும் தடுப்பதற்கு முன், அரங்கத்தின் குறுக்கே நடந்துபோய் மேற்கையும் திறந்தான்.

காற்று வந்தது. முந்நூறு பேரும் முகத்தை ஒரே பக்கம் திருப்பினார்கள். தலைவர் பேச்சை நிறுத்தியிருந்தார். மெல்ல மப்ளரை அவிழ்த்தார். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். ஆறேழு வருடத்தில் முதன்முறையாக அந்த மனிதருக்கு ஒரு கருத்து வந்திருக்கும் போல் இருந்தது.

"யார் திறந்தது?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

டிகிரி சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான், கேட்டால் கொடுத்துவிடலாம் என்று.

தலைவர் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு, கீழே உட்கார்ந்திருந்த சுருக்கெழுத்தர் பக்கம் குனிந்தார்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "குறிப்புல மட்டும் எழுதிடாத."

அவள் நோட்டிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டாள்.